தடவும்போது கையில தட்டுப்படுற கட்டி: நாய் வளர்க்கிறவங்க கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த தடவை வந்த லெட்டர்கள்ல கட்டி பத்தின கேள்விதான் ஏகப்பட்டது, அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்திருக்கேன், உங்க லெட்டர் அப்படியே வரலைன்னா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: டாக்டர், எங்க லேப்ரடார் டைகருக்கு ஏழு வயசு. குளிப்பாட்டும்போது முன்னங்காலுக்குப் பின்னாடி விலா பக்கம் ஒரு உருண்டை தட்டுப்பட்டுச்சு. ஸ்கேல் வச்சுப் பார்த்தா ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். அமுக்கினா வலிக்கிற மாதிரி தெரியல, தோலுக்கு அடியில வழுக்கிட்டு நகருது. நல்லா சாப்பிடுறான், ஓடுறான். பக்கத்து வீட்டு அண்ணன் "வெறும் கொழுப்புக் கட்டிதான், என் நாய்க்கும் இருந்துச்சு, விட்டுடுங்க"ங்கிறார். வீட்டுக்காரர் ரெண்டு மூணு மாசம் பார்ப்போம்ங்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, நெட்ல படிக்கப் படிக்க பயம்தான் ஜாஸ்தியாகுது. எது கேன்சர் கட்டி, எது சாதா கட்டின்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: முதல்ல நெட்டை மூடி வைங்கம்மா. அதுல எந்தக் கட்டியைத் தேடினாலும் நாலாவது வரியில கேன்சர்லதான் வந்து நிக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சரியா இருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கு. நடுத்தர வயசு தாண்டின, கொஞ்சம் உடம்பு போட்ட லேப்ரடாருக்கு நெஞ்சுல, விலாவுல, அக்குள்ல மெத்துன்னு நகர்ற உருண்டை வந்தா அது பெரும்பாலும் லைப்போமாதான், அதாவது கொழுப்புக் கட்டி. வேற இடத்துக்குப் பரவாது, உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அவர் அதை எப்படி கண்டுபிடிச்சார்? தொட்டுப் பார்த்து. அங்கதான் எனக்கு அவர்கூட சண்டை. தினமும் இதே வேலையா இருக்கிற எங்களாலயே விரலை வச்சு அமுக்கிப் பார்த்து உறுதியா சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஏன்னா மாஸ்ட் செல் ட்யூமர்னு ஒண்ணு இருக்கு, நாய்களுக்குத் தோல்ல வர்ற கேன்சர்கள்லயே அடிக்கடி பார்க்கிறது அதுதான், அதுக்குன்னு ஒரு முகமே கிடையாது. ஒரு நாய்க்கு முடி கொட்டின சிவப்பு மேடா இருக்கும், இன்னொண்ணுக்கு மரு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணுக்கு அச்சு அசல் கொழுப்புக் கட்டியாட்டம் மெத்துன்னு தோலுக்கு அடியில நகர்ந்துக்கிட்டு இருக்கும். வலி இல்ல, நல்லா சாப்பிடுறான்ங்கிறதும் ஒரு ஆறுதலே தவிர ஆதாரம் கிடையாது, கெட்ட கட்டிகள்ல நெறைய ஆரம்பத்துல வலிக்கவே வலிக்காது. சொல்லப்போனா திடீர்னு வந்து, தொட்டா சூடா, கைய வச்சா கத்துற கட்டி அனேகமா சீழ்க்கட்டியா இருக்கும், வேற நாய் கடிச்ச பல் உள்ள போயி ரெண்டு மூணு நாள்ல வீங்கியிருக்கும், அது பார்க்கத்தான் பயங்கரம், கீறி விட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தா ஆறிடும்.

அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? ஊசி வச்சுத்தான். எஃப்.என்.ஏ-ன்னு சொல்வாங்க, பேரைக் கேட்டு பயப்படாதீங்க, தடுப்பூசி போடுற அதே மாதிரி மெல்லிசான ஊசியும் சிரிஞ்சும்தான். மயக்க மருந்து வேணாம், தையல் வேணாம், பெரும்பாலான நாய்ங்க பிஸ்கெட்டைப் பார்த்துக்கிட்டே நின்னுடும். கட்டியை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு நிறுத்தி, ஊசியை உள்ள விட்டு வேற வேற பக்கமா குத்தி எடுத்து, ஊசிக்குள்ள சிக்கினதை ஒரு கண்ணாடி ஸ்லைடு மேல பீச்சி பரப்புவாங்க. கொழுப்புக் கட்டின்னா அந்த இடத்துலயே பாதி தெரிஞ்சுடும், ஸ்லைடு எண்ணெய் தடவினாப்ல பளபளன்னு இருக்கும், எவ்வளவு நேரம் வச்சாலும் காயாது. ஆனா அதோட நிறுத்திடக் கூடாது, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும், ஏன்னா தோலுக்கு அடியில எல்லா நாய்க்கும் கொழுப்பு இருக்கு, ஊசி கட்டியைத் தப்பவிட்டு பக்கத்துக் கொழுப்புல போயிருந்தாலும் இதே பளபளப்புதான் வரும். மாஸ்ட் செல்லா இருந்தா செல் முழுக்க ஊதா கலர் துகளா நிரம்பிக் கிடக்கும், ஒரு தடவை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. சில கட்டிகள் ஊசிக்குப் பிடி கொடுக்காது, சார்கோமா வகைங்க (தசை, கொழுப்பு மாதிரி திசுக்கள்ல வர்ற கேன்சர்) சுலபத்துல செல்லையே விடாது, ரெண்டு தடவை எடுத்தும் ஒண்ணும் வரலைன்னா சின்னதா ஒரு துண்டு வெட்டி பயாப்சி அனுப்பணும். ஊசியில ஒண்ணும் வரலைங்கிறதை ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்காதீங்க.

எவ்வளவு நாள் பார்க்கலாம்ங்கிறதுக்கு சூ எட்டிங்கர்னு ஒரு அமெரிக்க கால்நடை கேன்சர் டாக்டர் ஒரு கணக்கு சொல்லி அது நல்லா பரவியிருக்கு: பட்டாணி அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்து, ஒரு மாசமாகியும் போகலைன்னா டெஸ்ட் எடுத்துடணும். எனக்கும் அதான் சரின்னு படுது. உங்களுது ஏற்கனவே ரெண்டு சென்டிமீட்டர், எப்போ வந்துச்சுன்னும் தெரியாது, நேத்து கையில பட்டதால நேத்துதான் வந்துச்சுன்னு அர்த்தம் இல்லையே. அதனால வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க, மூணு மாசம்லாம் வேணாம், இந்த வாரத்துல ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. அவசரம்னு அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டியதும் இல்ல. கிடுகிடுன்னு பெருசாகுது, வெடிச்சு ரத்தம் கசியுது, சதையோட ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது, வாய்க்குள்ள இல்ல விரல் நகத்தடியில வந்திருக்குன்னா மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க.

போறதுக்கு முன்னாடி கட்டி பக்கத்துல ஸ்கேலை வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கங்க, தேதியும் எந்த இடம்னும் எழுதி வைங்க. கட்டியைச் சுத்தி முடியை கொஞ்சம் கத்தரிச்சு விட்டீங்கன்னா டாக்டர் தேடிக்கிட்டு இருக்க வேணாம், இது சின்ன விஷயம்தான், ஆனா வீட்ல கையில பட்ட கட்டி ஆஸ்பத்திரி டேபிள் மேல ஏறினதும் காணாம போறது அடிக்கடி நடக்கும். பிதுக்காதீங்க, நூல் கட்டாதீங்க, சூடு ஒத்தடம் வேணாம், நாம போட்டுக்கிற வலி மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீங்க, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுத்துடும்.

கேள்வி: ஊசி வச்சு கட்டியைக் குத்தினா கேன்சர் உடம்பு முழுக்க பரவிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: இதைக் கேட்காத ஆளே இல்ல. தோல்ல, தோலுக்கு அடியில வர்ற கட்டிகளைப் பொறுத்தவரை அந்த பயத்துக்காக டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க, ஊசி போன வழியில செல் ஒட்டி வளர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். மூத்திரப்பையில வர்ற ஒரு வகை கேன்சருக்கு மட்டும் வயித்து வழியா ஊசி விடுறதைத் தவிர்ப்பாங்க, அதுல அப்படி நடந்தது பதிவாகியிருக்கு. மத்தபடி இந்தப் பேச்சு எப்படி வந்துச்சுன்னு எனக்கு ஒரு யூகம் உண்டு, கட்டி பெருசாகி வேற வழியில்லாம ஊசி வைக்கிற நேரத்துல அது ஏற்கனவே பரவியிருக்கும், பழி ஊசி மேல விழுந்துடும்.

கேள்வி: என் ஆண் குட்டிக்கு வயித்துல ரெண்டு வரிசையா குட்டி குட்டியா கருப்பு மரு இருக்கு. உண்ணியோன்னு பிடுங்கப் பார்த்தேன், கத்துறான்.

பதில்: தம்பி, கையை எடுங்க. அது காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு, பொதுவா எட்டுலேர்ந்து பத்து இருக்கும், ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா இருக்கணும்னும் அவசியமில்ல. உண்ணியா இருந்தா முடியை விலக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தா தோல் ஓரத்துல கால் தெரியும். இதே லிஸ்ட்ல இன்னும் சில பொய்க்கட்டிகள் இருக்கு: நெஞ்செலும்பு முடியுற இடத்துல ஒரு கூர், உச்சந்தலைக்குப் பின்னாடி ஒரு மேடு, அப்புறம் ஆண் நாய் உற்சாகமானா அந்தரங்க இடத்துல ரெண்டு பக்கமும் உருண்டையா வீங்கி கொஞ்ச நேரத்துல தானா வடியிறது. கடைசியா சொன்னதுக்காக பதறி அடிச்சுக்கிட்டு நாயைத் தூக்கிட்டு ஓடிவர்றவங்க உண்டு, பாதி வழியிலயே நாய் சரியாகிடும். ஆனா தொப்புள்ல மெத்துன்னு வீக்கம் இருந்து அமுக்கினா உள்ள போகுதுன்னா அது ஹெர்னியா, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காட்டுங்க, அதுவே கெட்டியாகி வலிச்சு வாந்தியும் எடுத்தா அன்னிக்கே போங்க.

கேள்வி: எங்க பக் நாய்க்கு ஆறு வயசு. பின்னந்தொடையில ஒரு சின்ன கட்டி, நாலஞ்சு மாசமா இருக்கு. ஆச்சரியம் என்னன்னா ஒரு நாள் பெருசா வீங்கி சிவந்து இருக்கும், மறுநாள் சுருங்கிடும். சுருங்குறதால நல்ல கட்டிதானேன்னு இருந்துட்டோம். நடுவுல ஒரு இடத்துல காட்டினப்போ டெஸ்ட் எதுவும் எடுக்காம ஏதோ மாத்திரை கொடுத்தாங்க, நல்லாவே குறைஞ்சுச்சு, நிறுத்தினதும் திரும்ப வந்துடுச்சு. சீட்டுல பிரெட்னிசோலோன்னு இருக்கு. இப்போ ரெண்டு நாளா வாந்தி, மலம் கருப்பா போகுது.

பதில்: இந்த லெட்டரைப் படிச்சதும் இதழ் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கக் கூடாதேன்னு உங்களுக்கு தனியா பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன்.

வீங்கி வீங்கி சுருங்குற கட்டின்னா முதல் சந்தேகம் மாஸ்ட் செல் மேலதான் வரணும். அந்த செல்லுக்குள்ள ஹிஸ்டமின் நிரம்பியிருக்கு, அலர்ஜி வந்தா நமக்கு உடம்பு தடிக்குதே அதுக்குக் காரணமான அதே சமாச்சாரம். தொட்டாலோ சொறிஞ்சாலோ அது வெளிய கொட்டும், சுத்தியிருக்கிற இடம் சிவந்து வீங்கும், அப்புறம் வடிஞ்சுடும். அதனாலதான் இந்தக் கட்டியை அமுக்கி அமுக்கிப் பார்க்காதீங்கன்னு சொல்றது. அதே ஹிஸ்டமின் ரத்தத்துல கலந்து வயித்துல போய் அமிலத்தை ஜாஸ்தியாக்கி புண்ணு உண்டாக்கும், மலம் கருப்பா போறதுன்னா மேல எங்கயோ ரத்தம் கசிஞ்சு ஜீரணமாகி வருதுன்னு அர்த்தம். கருப்பு மலம் எந்த நாய்க்கு வந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், இதுல கட்டி, நீங்க கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை ரெண்டும் சேர்ந்திருக்கு, ஸ்டீராய்டே தனியா வயித்துப் புண் பண்ணக்கூடியது.

பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டுதான். மாஸ்ட் செல் கட்டியும் சரி, நெறி கட்டுற கேன்சரான லிம்ஃபோமாவும் சரி, ஸ்டீராய்டு கொடுத்தா கொஞ்ச நாள் நல்லா சுருங்கும், வீட்ல எல்லாரும் குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. அதுக்கப்புறம் டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் குழப்பும், லிம்ஃபோமாவா இருந்தா பின்னாடி கொடுக்கிற கீமோ மருந்துக்கே கேன்சர் சரியா அசையாது. என்ன கட்டின்னு தெரியாம ஸ்டீராய்டு எழுதுற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, டாக்டர் எழுதினா "சார், இதுக்கு முன்னாடி ஒரு ஊசி டெஸ்ட் எடுத்துடலாமா"ன்னு கேட்கிறதுல தப்பே இல்ல, கேளுங்க.

நல்ல சேதியும் இருக்கு. பக், பாக்ஸர் மாதிரி நாய்களுக்கு இந்தக் கட்டி அதிகமா வந்தாலும் அதுங்களுக்கு வர்றது பெரும்பாலும் அடங்கின ரகம், முழுசா வெட்டி எடுத்தா அதோட முடிஞ்சு போற கேஸ் நெறைய. ஆனா கட்டியை மட்டும் சுரண்டி எடுக்கக் கூடாது, சுத்தி ரெண்டு மூணு சென்டிமீட்டர் நல்ல தோலும் அடியில ஒரு அடுக்கும் சேர்த்து எடுக்கணும், தையலைப் பார்த்து "இத்துனூண்டு கட்டிக்கு இவ்வளவு பெருசா?"ன்னு கேட்பீங்க, அதான் சரியான ஆபரேஷன். முதல் ஆபரேஷன்லதான் முழுசா எடுக்க நல்ல வாய்ப்பு. எடுத்ததைக் குப்பையில போடாம லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க, லோ கிரேடா (அடங்கின ரகம்) ஹை கிரேடா (வேகமா பரவுற ரகம்), ஓரத்துல கேன்சர் செல் மிச்சம் இருக்கான்னு அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

கேள்வி: பெண் நாய், ஒன்பது வயசு, கருத்தடை பண்ணல. கடைசி மடிக்காம்பு பக்கத்துல அரிசி மணி மாதிரி ரெண்டு, கொஞ்சம் பெருசா ஒண்ணு தட்டுப்படுது. பால் கட்டியா இருக்குமா?

பதில்: சமீபத்துல சூடு (இணை சேர்ற பருவம்) வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தா பொய்க்கர்ப்பத்துல மடி வீங்கி பால் கூட வரும், ஆனா அது மடி முழுக்க மெத்துன்னு இருக்கும், மணி மணியா உருளாது. ஒன்பது வயசு, கருத்தடை இல்ல, பின்னாடி மடி, தனித்தனி உருண்டைன்னா மடிக்கட்டின்னுதான் முதல்ல நினைக்கணும். நாய்களுக்கு வர்ற மடிக்கட்டிகள்ல ஏறக்குறைய பாதி கேன்சரா இருக்கும், மீதி பாதி சாது. இங்க ஊசி டெஸ்ட் வேற ஏதாவதான்னு பார்க்க உதவும், நல்லதா கெட்டதான்னு பிரிச்சுச் சொல்ல திணறும், எடுத்துட்டு லேபுக்கு அனுப்புறதுதான் வழக்கம். கெட்டதா இருந்தாலும் மூணு சென்டிமீட்டருக்குள்ள இருக்கும்போது எடுத்த நாய்ங்களுக்கு பலன் நல்லா இருக்கு, அதனால அரிசி மணி சைஸ்ல கண்டுபிடிச்ச உங்க விரலுக்கு ஒரு சபாஷ். ஆபரேஷனுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, பரவினா நுரையீரல்தான் முக்கியமான இடம். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காம்பைச் சுத்தியும் தடவிப் பாருங்க, ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கிறது சகஜம்.

சின்னப் பெண் குட்டி வச்சிருக்கிறவங்களுக்கு: 1969-ல வந்த ஒரு ஆய்வுல, முதல் சூட்டுக்கு முன்னாடி கருத்தடை பண்ணினா பண்ணாத நாயோட ஒப்பிட மடிக்கட்டி ஆபத்து 0.5 சதவீதம், ஒரு சூடு தாண்டினா 8, ரெண்டு தாண்டினா 26ன்னு கணக்கு சொன்னாங்க, இன்னிக்கும் எல்லாரும் சொல்றது அதைத்தான். 2012-ல பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப அலசினவங்க ஆதாரம் அவ்வளவு கெட்டியா இல்லன்னு எழுதினாங்க. பெரிய ஜாதி நாய்களுக்கு ரொம்ப சீக்கிரம் பண்ணா மூட்டுப் பிரச்சனை வரலாம்னும் பேச்சு இருக்கு. அதனால எந்த மாசத்துல பண்றதுன்னு உங்க நாயோட ஜாதியைச் சொல்லி டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

கேள்வி: தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் சமமா உருண்டை. தொண்டை வலியா இருக்குமோன்னு வெந்நீர் கொடுத்துட்டு இருக்கோம். நாய் சுறுசுறுப்பாத்தான் இருக்கு.

பதில்: இப்பவே நாயை நிக்க வச்சு இன்னும் ரெண்டு இடம் பாருங்க: தோள்பட்டைக்கு முன்னாடி கழுத்து சேர்ற இடம், பின்னங்கால் முட்டிக்குப் பின்பக்கம். அங்கயும் ரெண்டு பக்கமும் உருண்டை உருண்டையா இருந்தா இது நெறி கட்டினது, உடம்பு முழுக்க நடக்கிற விஷயம். உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அப்படின்னா ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சு மாத்திரையில சரியாகும். லிம்ஃபோமாவாவும் இருக்கலாம், அதுல நாய் ஆரம்பத்துல இப்படித்தான் ஜாலியா இருக்கும். இதை ஒரு வாரம் பார்ப்போம்னு விடாதீங்க, லிம்ஃபோமாவை வைத்தியம் பண்ணாம விட்டா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசம்தான், கீமோ கொடுத்தா நெறைய நாய்ங்களுக்கு நெறி வடிஞ்சு ஒரு வருஷம் பக்கம் நல்லபடியா ஓடுது, மனுஷங்களுக்கு வர்ற அளவு முடி கொட்டி வாந்தி எடுத்து படுத்துறதும் இல்ல. வெந்நீர் கெடுதல் இல்ல, உபயோகமும் இல்ல.

கேள்வி: ஒரு வயசு குட்டிக்கு காது மேல சிவப்பா வழவழன்னு பட்டன் மாதிரி ஒரு கட்டி, பத்து நாள்ல வந்துடுச்சு. எடுத்துடணுமா?

பதில்: மூணு வயசுக்குள்ள, தலையில, பட்டன் ஷேப்புன்னா ஹிஸ்டியோசைட்டோமாவா இருக்க நல்ல சான்ஸ், சின்ன வயசு நாய்களுக்கு வர்ற ஒரு சாதுக் கட்டி அது. கிடுகிடுன்னு வந்து பயமுறுத்தும், ரெண்டு மூணு மாசத்துல தானா காணாம போயிடும். ஊசி டெஸ்ட் எடுத்து அதுதான்னு உறுதியானா கத்தி வேணாம், சொறியாம பார்த்துக்கங்க போதும்.

கேள்வி: எங்க காக்கர் ஸ்பேனியலுக்கு பதிமூணு வயசு. உடம்பெல்லாம் காலிஃபிளவர் மாதிரி மரு, ஒண்ணு கண் இமை ஓரத்துல. டாக்டர் இமையில இருக்கிறதை மட்டும் எடுக்கலாம்ங்கிறார், அம்மா "இந்த வயசுல மயக்க மருந்து கொடுத்தா எந்திரிக்கவே மாட்டான்"னு அழறாங்க.

பதில்: டாக்டர் சொல்றது நியாயமா இருக்கு. வயசான காக்கருக்கு வர்ற அந்த மருக்கள் பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பியில வர்ற சாதுக்கள், கடிச்சு ரத்தம் வராத வரைக்கும், கலர் ஷேப் மாறாத வரைக்கும் அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். இமை ஓரத்துல இருக்கிறது வேற கதை, அது ஒவ்வொரு தடவை கண்ணை மூடித் திறக்கும்போதும் கருவிழியை உரசி புண்ணாக்கிடும்.

அம்மாகிட்ட சொல்லுங்க, வயசு மட்டுமே மயக்க மருந்துக்குத் தடை இல்ல, உள்ள இருக்கிற இதயம், கிட்னி, லிவர் எப்படி இருக்குங்கிறதுதான் கணக்கு. ரத்த டெஸ்ட், இதயத்துல முணுமுணுப்பு சத்தம் கேட்டா எக்கோங்கிற இதய ஸ்கேன், இதெல்லாம் முன்னாடியே பார்த்துடுவாங்க. சின்ன இமைக்கட்டிக்கு லேசா தூங்க வச்சு அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வச்சும் பண்ண முடியும், முடியுமான்னு உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, அம்மாவையும் கூட கூட்டிட்டுப் போங்க, அவங்க கேள்வியை அவங்களே கேட்டாத்தான் அழுகை நிக்கும். எல்லா மருவையும் அன்னிக்கே சேர்த்து எடுத்துடலாமேன்னு யாராவது ஐடியா கொடுத்தா வேணாம்னுடுங்க, மயக்க நேரம் நீண்டுக்கிட்டே போகும். ஏற்கனவே ரத்தம் வர்றது ஏதாவது ஒண்ணு ரெண்டு இருந்தா அதை மட்டும் அதே மயக்கத்துல எடுத்துக்கலாம்.